வெட்டுக்கூலியும் விமான எரிபொருளும்

இராமேஸ்வரத்தில் புதிய விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டுக்கான தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்ததிலிருந்து எங்கள் மாவட்டத்தில் அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் 2009 முதல் இயங்குகிறது. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் ஒன்றிய அரசின் உடான் திட்டப் பட்டியலில் இராமநாதபுரத்தின் பெயரும் ஒருமுறை இடம்பெற்றது. பயணிகள் விமானம் மட்டும் வரவில்லை. காசியிலிருந்து வருகிற யாத்திரிகர் விமானத்தில் வந்தால் மதுரையில் இறங்கி, ஏறத்தாழ 170 கிலோமீட்டர் சாலைவழியே வரவேண்டியிருக்கிறது. எனக்கு அந்த விமான நிலையம் வேண்டும். இதை வெளிப்படையாகச் சொன்னால் மண்டபம் பக்கம் கடல் ஆய்வில் இருக்கும் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளப்பாறைகள் வெளுத்துப்போனதை நீருக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் அவர்கள். கடல் சூடாவதற்குக் காரணமான எதையும் அவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் விமானங்களின் பங்கு சுமார் இரண்டரை விழுக்காடு. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. "அதற்குத்தான் அரசும் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு வழி செய்திருக்கிறார்களே" என்று நான் அவர்களிடம் சமாதானம் சொல்வது வழக்கம். அந்தச் சமாதானம் இப்போதெல்லாம் எனக்கு அவ்வளவு எளிதாக வாயில் வருவதில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன், அந்த வழி என்னவென்று பார்த்துவிடலாம்.

பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கு ஐ.நா.வின் குடிமை வான்போக்குவரத்து அமைப்பு 2016இல் ஏற்றுக்கொண்ட கோர்சியா திட்டம் இருக்கிறது. அடிப்படை அளவுக்கு மேல் வெளியேறும் கரியமில வாயுவுக்கு ஈடாக விமான நிறுவனங்கள் கார்பன் வரவுகளை, அதாவது வேறிடத்தில் வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான சான்றுகளை, வாங்கவேண்டும், அல்லது தகுதிபெற்ற மாற்று எரிபொருளைப் பயன்படுத்திப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். விருப்பப்பட்ட நாடுகள் மட்டும் சேரும் காலம் 2026உடன் முடிகிறது. கட்டாயக் கட்டம் தொடங்கும் 2027இல் இந்தியாவும் உள்ளே வருகிறது. அதே ஆண்டிலிருந்து, பன்னாட்டு விமானங்களுக்கான எரிபொருளில் 1 விழுக்காடு, 2028இல் 2 விழுக்காடு, 2030இல் 5 விழுக்காடு என்ற அளவில் எஸ்.ஏ.எஃப் எனப்படும் நிலைத்த விமான எரிபொருளை, அதாவது கச்சா எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய், கழிவு போன்றவற்றிலிருந்து எடுப்பதை, கலப்பது ஒன்றிய அரசின் இலக்கு. புதிய விமானங்கள் எரிபொருளைக் குறைவாகக் குடிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் 2023இல் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆணை கொடுத்த நாட்டில், ஒவ்வொரு விமானமும் மிச்சப்படுத்துவதை விமானங்களின் எண்ணிக்கை விழுங்கிவிடும். இராணுவத்துக்கென ஒதுக்கிய வான்பரப்பைத் தேவையில்லாத நேரத்தில் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிட்டு, சுற்றுப்பாதையைத் தவிர்ப்பதும் நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் எரிபொருள்.

அந்த எரிபொருளின் இன்றைய நிலை மெலிந்தது. விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டாவின் கணக்குப்படி 2024இல் உலகம் முழுவதும் உற்பத்தியான எஸ்.ஏ.எஃப் 10 லட்சம் டன். மொத்த விமான எரிபொருளில் அது 0.3 விழுக்காடு. விலையோ சாதாரண எரிபொருளைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை. இந்தியாவில் 1 விழுக்காடு கலக்க ஆண்டுக்குச் சுமார் 14 கோடி லிட்டர் தேவைப்படும் என்று பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி 2023இல் சொன்னார். இந்தியன் ஆயிலின் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலை, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து இந்த எரிபொருளைத் தயாரிப்பதற்கான பன்னாட்டுச் சான்றிதழை 2025 ஆகஸ்டில் பெற்றது. ஆக அரசு விதி வகுக்கிறது, எண்ணெய் நிறுவனம் தயாரிக்கிறது, விமான நிறுவனம் வாங்குகிறது. மேசையைச் சுற்றி மூவர்.

நான் ஒரு கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் பிரிவில் வேலை பார்க்கிறவன். எந்த ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தாலும், நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்று எழுதியிருக்கும் பத்தியைத்தான் முதலில் தேடுவேன். தொழில் கொடுத்த பழக்கம். இந்த ஏற்பாட்டிலும் அந்தப் பத்தியைத் தேடினேன். தயாரிப்பவருக்கு மூலதன உதவி பற்றிப் பேச்சு இருக்கிறது; வாங்குபவருக்கு இலக்கு இருக்கிறது; மூலப்பொருள் என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது மட்டும் தெளிவாக இல்லை.

காட்டாமணக்குக் காலம்

மூலப்பொருளின் பின்னால் நின்ற ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். சாயல்குடிக்குத் தெற்கே, பனைக்கூட்டமும் உப்புக்காற்றும் சேர்ந்த மானாவாரிப் பூமியில் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. இரண்டாயிரங்களின் நடுவில் காட்டாமணக்கு அலை வீசியது. டீசலோடு கலக்கத் தேவையான தாவர எண்ணெயைத் தரிசு நிலத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்று மைய அரசு நம்பியது. மாநில அரசுகள் நாற்றுகளுக்கு உதவி செய்தன. தனியார் நிறுவனங்கள் விதையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக்கொடுத்தன. இராமேஸ்வரத்தில் பிறந்து குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அந்த எரிபொருளைப் பற்றிப் பல மேடைகளில் உற்சாகமாகப் பேசினார். "நம்ம ஊர்க்காரர் சொல்றார், அது பொய்யாப் போகுமா" என்று சித்தப்பா நம்பியதில் குறைகாண எனக்கு மனம் வரவில்லை. கலாம் சொன்னது பொய்யும் அல்ல. காட்டாமணக்கு வறட்சியில் சாகாது, ஆடு கடிக்காது, விதையில் எண்ணெய் இருக்கிறது, மூன்றும் உண்மை. சாகாமல் இருப்பதற்கும் காய்த்துத் தள்ளுவதற்கும் நடுவே தண்ணீரும் எருவும் வேண்டும் என்பதை அந்த மேடைகளில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, காய்கள் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. ஒரே செடியில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்து நிற்கும். திரும்பத் திரும்ப ஆள்விட்டுப் பறிக்கவேண்டும். பறிகூலி விதையின் விலையைத் தாண்டியது. விதையை வாங்குவதாகச் சொன்ன நிறுவனம் மதுரை அலுவலகத்தைக் காலிசெய்துவிட்டுப் போனது. கையெழுத்திட்ட தாள் இன்னும் சித்தப்பாவின் தகரப்பெட்டியில் கிடக்கிறது. பிள்ளைகள் விதையைத் தின்றுவிடக் கூடாதே என்று சித்தி பயந்து, வேலியோரம் தவிர மற்றதையெல்லாம் பிடுங்கிப் போடச் சொன்னார்.

2009இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் 20 விழுக்காடு கலப்பு என்று எழுதிவைத்தது. டீசலில் தாவர எண்ணெய்க் கலப்பு அந்த ஆண்டில் 1 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அதே கொள்கை, உணவுக்குப் பயன்படாத எண்ணெய்வித்துகளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை தரப்படும் என்றும் சொன்னது. எங்கள் பக்கத்தில் அந்த விலைக்கு ஒரு கிலோ விதை கொடுத்தவரை நான் சந்தித்ததில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2018 ஆகஸ்ட் 27 அன்று ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400 விமானம் ஒன்று டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. அதில் கால் பங்கு காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள். தயாரித்தது டேராடூனில் இருக்கும் இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம். விதை சத்தீஸ்கர் விவசாயிகளுடையது. விமானப்படையில் சேர்வதற்காக இளவயதில் கலாம் நேர்முகத் தேர்வுக்குப் போய் வாய்ப்பைத் தவறவிட்ட ஊரும் அதே டேராடூன்தான் என்பதை இடைச்செருகலாகச் சொல்லிவைக்கிறேன். அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பறந்தது அந்த விமானம். செய்தியைக் கேட்டு சித்தப்பா சிரித்தார். அறிவியல் தோற்கவில்லை என்பதே அந்தப் பயணத்துக்கு நான் கொள்ளும் பொருள். எண்ணெயைப் பிழிந்து, ஹைட்ரஜனோடு வினைப்படுத்தி, விமான எஞ்சினுக்கு ஏற்ற திரவமாக்க இந்திய ஆய்வகத்துக்குத் தெரியும். விதையைச் செடியிலிருந்து ஆலைவாசல் வரை கொண்டுவருவதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில்தான் முழுத்திட்டமும் சரிந்தது.

திண்ணைப் பேச்சு

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, 5 விழுக்காடு இலக்கைப் பற்றிய செய்தியை நாளிதழிலிருந்து சித்தப்பாவுக்கு வாசித்துக்காட்டினேன். விவசாயக் கழிவு, மரக்கட்டை ஆகியவற்றை அடைத்த உலையில் சூடாக்கி வாயுவாக்கி, அந்த வாயுவைத் திரும்பத் திரவமாக்கினால் விமான எரிபொருள் கிடைக்கும் என்ற பகுதியை விளக்கினேன். எதிரே, காட்டாமணக்கு இருந்த நிலத்தில் சீமைக் கருவேலம் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது.

"அப்ப இதை வாங்கிக்கிருவாங்களா?" என்று கேட்டார்.

"வாங்கலாம் சித்தப்பா. ஆலை வந்தால்."

"வெட்டுக்கூலி யாரு குடுப்பா?"

"கம்பெனி ஏற்பாடு செய்யும்னு நினைக்கிறேன்."

"ஏப்பா, கரி யாவாரி முன்பணத்தைக் கையில குடுத்துட்டுத்தான் காட்டுக்குள்ள கால் வைப்பான். ஆளும் அவன் ஆளு, லாரியும் அவன் லாரி. இவங்க காகிதத்தைக் குடுத்துட்டு வைப்பாங்க. எனக்கு எது தோது?"

அவரிடம் கோபம் இல்லை, கணக்குதான் கேட்டார். எனக்குத்தான் அந்தப் பேச்சு பல நாள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி வட்டாரங்களில் கருவேல விறகைக் கரியாக்கும் கரிமூட்டம் தலைமுறையாக நடக்கிறது. வியாபாரி நிலத்தைப் பார்த்து மதிப்பிட்டு முன்பணம் கொடுக்கிறார், வெட்டுக்காரர்களைக் கூட்டிவருகிறார், தூரோடு பிடுங்கினால் ஒரு விலை, மேல்வெட்டு மட்டும் என்றால் வேறு விலை, விறகை அடுக்கி, மேலே மண்ணைப் பூசி மூட்டம் போடுகிறார்கள். மழை பெய்து மூட்டம் கெட்டால் நட்டம் வியாபாரிக்கு. கரி விலை விழுந்தாலும் நட்டம் அவருக்கே. நிலக்காரருக்கு வந்த பணம் வந்ததுதான். வங்கிக்காரனாக இந்த வாய்மொழி ஏற்பாட்டை அலசினால், காட்டாமணக்கு நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த ஒப்பந்தத்தைவிட இது எவ்வளவோ ஒழுங்கானது. சொத்தும் கடன் வசதியும் குறைந்தவர் ஆபத்தைச் சுமப்பதில்லை என்ற ஒரு விதி அதில் எழுதாமலே இருக்கிறது. வெட்டுக்காரர்களின் கூலியும் வேலைநிலையும் தனியாக எழுதவேண்டிய விஷயம். வியாபாரிகளை நான் புனிதப்படுத்தவில்லை.

அரசும் தொழில்துறையும் இதைக் கற்றுக்கொள்ள முடியாது என்றும் சொல்வதற்கில்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2014இல் ஒன்றரை விழுக்காடாக இருந்தது. 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. காட்டாமணக்கு படுத்த அதே நாட்டில், ஏறத்தாழ அதே காலத்தில் நடந்தது இது. அங்கே அரசு ஆண்டுதோறும் எத்தனாலின் விலையை அறிவித்தது. எண்ணெய் நிறுவனங்கள் அந்த விலைக்கு வாங்கவேண்டியிருந்தது. விலையும் கொள்முதலும் உறுதி என்பதால் வங்கிகள் ஆலைகளுக்குக் கடன் கொடுத்தன. உணவுத் தானியம் எரிபொருளாவது பற்றிய விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. இலக்கை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பயணம் நடக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒழிக்கவா, வளர்க்கவா

கருவேலத்தை விமான எரிபொருளாக்கிவிடலாம் என்று கிளம்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திண்ணையில் அது எனக்குத் தோன்றவில்லை. மண்டபத்து நண்பர் ஒருவர்தான் கேட்டார். சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கென 2022இல் தமிழக அரசு ஒரு கொள்கையும் வெளியிட்டது. எங்கள் கண்மாய்களின் உள்வாயெல்லாம் இந்த மரம்தான். ஆலை ஒன்று வந்தால் அதற்கு இருபது ஆண்டுகளுக்காவது விறகு வேண்டும். அப்படியானால் அரசின் ஒரு துறை இந்த மரத்தை வேரோடு ஒழிக்கப் பாடுபடும்போது, இன்னொரு துறையின் உதவியோடு கட்டிய ஆலை இந்த மரம் ஒழியாமல் இருப்பதை நம்பி நிற்கும். மரத்துக்கு நிரந்தர விலை வைத்தால், கண்மாயைத் தூர்வார எந்தக் குத்தகைக்காரர் சம்மதிப்பார்?

கோர்சியாவின் தகுதி விதிகளும் இங்கே குறுக்கிடும். 2008 ஜனவரி 1க்குப் பிறகு இயற்கைக் காட்டையோ ஈரநிலத்தையோ மாற்றிப் பெற்ற நிலத்துப் பொருளிலிருந்து எடுத்த எரிபொருள் செல்லாது. எந்த விறகு எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஆவணம் வேண்டும். கரிமூட்டத்துக்குப் போகும் விறகுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. சிறு நிலக்காரர் அதைத் தயாரித்துத் தர வேண்டும் என்று எதிர்பார்த்தால், நிலம் இல்லாத இடைத்தரகர் ஒருவர் தாளோடு வந்து நிற்பார். தொழில்நுட்பமும் இன்னும் கைக்குள் வந்துவிடவில்லை. குப்பையை வாயுவாக்கி விமான எரிபொருள் எடுக்க அமெரிக்காவின் நெவாடாவில் ஆலை கட்டிய ஃபுல்கிரம் நிறுவனம் 2024இல் திவால் மனு கொடுத்தது. பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் திறந்த வைக்கோல் எத்தனால் ஆலையின் திட்டக் கணக்கு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால். அந்த எத்தனால் முழுவதையும் விமான எரிபொருளாக மாற்றினாலும், மாற்றும்போது ஏற்படும் இழப்பைக் கணக்கில் சேர்க்காமலே, அமைச்சர் சொன்ன 14 கோடி லிட்டரில் கால் பங்கு வராது.

எனவே கருவேலத்தைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு இது: முடிவுத் தேதி குறித்த அகற்றல் ஒப்பந்தமாக அது இருக்கலாம், நிரந்தரப் பயிராக இருக்கக் கூடாது. தூரோடு எடுத்தால் மட்டுமே கூடுதல் விலை. எடுத்த நிலத்தில் மறுபடி மரம் தலைதூக்கினால் அடுத்த தவணை இல்லை. ஆலையை இந்த மரத்தை மட்டும் நம்பிக் கட்டக் கூடாது என்பதும் அதில் அடக்கம்.

பயன்படுத்திய சமையல் எண்ணெய் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. இன்றைக்கே கைக்கு எட்டும் மூலப்பொருள் அதுதான். பலமுறை காய்ந்து, எண்ணெய் கெடும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. அதைச் சேகரித்து எரிபொருளாக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனித் திட்டமே வைத்திருக்கிறது. இராமேஸ்வரத்தில் ஆடி, தை அமாவாசைக் கூட்டத்துக்கு எத்தனை சட்டி எண்ணெய் காய்கிறது என்பது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் எங்கள் வங்கி உறுப்பினரான பரோட்டாக் கடைக்காரர் ஒருவர் சொன்னது வேறு. சேகரிப்பு நிறுவனம் பீப்பாய் நிறைந்தால் வருவதாகச் சொல்லிப் படிவம் கொடுத்துவிட்டுப் போனது. மறுநாள் மாலையே இருசக்கர வாகனத்தில் கேனோடு ஒருவர் வந்து, அங்கேயே ரொக்கம் கொடுத்து எடுத்துப்போனார். அந்தக் கேன் எந்தச் சாலையோரச் சட்டியில் மறுபடி கொதித்ததோ தெரியாது. இங்கேயும் கரி வியாபாரியின் பாடம்தான்: முதலில் வருகிறவர், ரொக்கம் தருகிறவர், வண்டி கொண்டுவருகிறவர் ஜெயிக்கிறார்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஸ்.ஏ.எஃப் மூன்று மடங்கு விலை என்று வைத்துக்கொண்டால், 1 விழுக்காடு கலக்கும்போது மொத்த எரிபொருள் செலவு 2 விழுக்காடு கூடும். விமான நிறுவனத்தின் செலவில் எரிபொருள் 40 விழுக்காடு என்றே கொள்வோம். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு 20,000 ரூபாய்ப் பயணச்சீட்டில் ஏறுவது 160 ரூபாய். 5 விழுக்காடு கலக்கும்போதும் 800 ரூபாய். பயணிக்கு இது தாங்காத சுமை என்று நான் நினைக்கவில்லை. சிங்கப்பூர் 2024இல் அறிவித்த திட்டத்தில், பயணச்சீட்டோடு ஒரு கட்டணம் வசூலித்து அந்த நிதியைக் கொண்டு எரிபொருளை மையமாக வாங்குவதாக இருக்கிறது. அப்படி ஒரு நிதி இங்கே உருவானால், அதில் ஒரு பகுதி மூலப்பொருளுக்கு முன்பணமாகக் கீழே இறங்கவேண்டும் என்பதை அதே ஆணையில் எழுதவேண்டும். டன்னுக்கும் லிட்டருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை விலை அறிவிக்கப்படவேண்டும், எத்தனாலுக்குச் செய்வதுபோல. தரச் சான்றின் செலவு எண்ணெய் நிறுவனத்தின் கணக்கில் ஏறவேண்டும். வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் வாங்குபவருடையவை என்று இருக்கவேண்டும்.

பணம் எத்தனை நாளில் வரும் என்பதும் எழுத்தில் வேண்டும். அதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போகவேண்டியதில்லை. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்த 14 நாளில் பணம் தரவேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தரவேண்டும் என்கிறது. ஆலைகள் அதை மீறுவதும், நிலுவை ஆண்டுக்கணக்கில் நிற்பதும், விவசாயிகள் ஆட்சியர் அலுவலக வாசலில் உட்காருவதும் நமக்குத் தெரியும். இருந்தாலும் அப்படி உட்காருகிறவர் கையில் சுட்டிக்காட்ட ஒரு விதி எண் இருக்கிறது. தகரப்பெட்டித் தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு அதுவும் இல்லை.